தலைகீழம்மாவின் இரட்டைக் கொம்பு

எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதுவும் வாய்விட்டு. உதடு அசையாவிட்டால் எழுத்து எனக்குள் இறங்காது. அம்மா வீட்டில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள், சமையலறைக் கதவில் அவர் ஒட்டியிருந்த சீட்டை முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். பின்னால் அவர் வந்து நிற்பது தெரிந்ததும் வெட்கமாகி வாயை மூடிக்கொண்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை கூடத்தில் சத்தம் கேட்டது. அம்மா செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். கட்டில் விற்பனை விளம்பரத்தைக்கூட விடவில்லை. "சத்தமாப் படிச்சாத்தான் எனக்கு மண்டையில ஏறும்" என்றார். நம்மைப் போல இன்னொருத்தர் என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. பத்தொன்பது வருஷம் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டே படித்தோம். அது அவருடைய பழக்கமே இல்லை, எனக்காகத் தொடங்கியது என்பது தெரிய வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அம்மா ஓவியர். வயிற்றுப்பாட்டுக்கு வரைபட அலுவலகத்தில் வேலை. பத்தொன்பது வயதில் சேர்ந்து ஓய்வு பெறும்வரை அங்கே மேசையில் குனிந்து கோடு போட்டார். ஆற்றுக்கு ஒரு கோடு, சாலைக்கு ஒரு கோடு, எல்லைக்கு ஒரு கோடு. ஊர்ப் பெயர்களை மெல்லிய பேனாவால் எழுதுவதும் அவர்தான். மாலை வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டுப் பின்னறைக்குள் போவார். அங்கே நடந்தது வேறு உலகம்.

பின்னறையில் பென்சிலும் கிடையாது, அளவுகோலும் கிடையாது. கந்தல் துணி, பழைய சீப்பு, ஓட்டைச் சல்லடை, குளியல் சோப்புத் துண்டு, இவைதான் அவருக்குக் கருவி. ஒரு பலகையில் சாயத்தைக் கொட்டி, இன்னொரு பலகையை மேலே வைத்து அழுத்தி, வெடுக்கென்று பிரிப்பார். உள்ளே ஏதேதோ உருவம் இருக்கும். "யாரு வந்திருக்காங்க பாரு" என்பார், வாசலில் விருந்தாளி நிற்பது போல. பிறகு வேண்டாததைத் துணியால் துடைத்துத் துடைத்து, வந்தவரைத் தனியாக நிறுத்துவார். படிக்கட்டு ஒன்று காய்ச்சல்காரனைப் போலக் கட்டிலில் படுத்திருக்கும். நாற்காலிகள் வரிசையாகப் பேருந்துக்குக் காத்திருக்கும், மழை அவற்றின் வயிற்றுக்குள் பெய்யும். கூரை கீழேயும் வாசற்படி வானத்திலுமாக ஒரு வீடு இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் அவருக்குத் தலைகீழம்மா என்று பெயர் வைத்தார்கள். அவருக்கும் அது தெரியும். "நேரா நிக்கறவங்க எத்தனை பேரை நீ பாத்துட்ட?" என்பார்.

இப்போது அம்மாவின் காகிதங்களை வைத்திருக்கும் ஆவணக் காப்பகத்து சார் அவரை சர்ரியலிச ஓவியர் என்று எழுதியிருக்கிறார். அந்த வார்த்தை என் வாயில் நுழையாது. அம்மா எனக்குச் சொன்னது எளிது: "தூக்கத்துல பாத்ததை முழிச்ச பெறகு மறைக்காம சொல்றேன், அவ்வளவுதான்." அதில் ஒரு நேர்மை இருப்பதாக எனக்குப் பட்டது. கடவுள் முன்னால் கண்ணை மூடி நிற்கும்போது நாமும் எதையும் மறைப்பதில்லை அல்லவா?

ஒரே ஒரு தடவை நகர மண்டபத்தில் அவருடைய படங்களை மாட்டினார்கள். நானும் உதவிக்குப் போயிருந்தேன். கோட்டுப் போட்ட ஒருவர் காத்திருக்கும் நாற்காலிகளின் முன்னால் நின்று, "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டார்.

"உங்க மூக்குக்கு என்ன அர்த்தம்?" என்றார் அம்மா.

அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கொஞ்சம் யோசித்து, "எங்கப்பா மூக்கு" என்றார். "அப்ப இது எங்க மழை" என்றார் அம்மா. அந்த மனிதர் அதற்குப் பிறகு வருஷா வருஷம் வாழ்த்துக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் இப்போது காப்பகத்தில் மூன்றாம் பெட்டியில் இருக்கின்றன.

இனி ஒரு கோட்டு விவகாரத்துக்கு வருகிறேன். கோட்டு என்றால் மேலே போடுகிற கோட்டு இல்லை, இழுக்கிற கோடு.

நான் சேர்ந்த முதல் வாரம். கதவுச் சீட்டில், "எதிர்வீட்டுக்கு மூன்று கோடு" என்று இருந்தது. இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன். கோடுதான், சந்தேகமில்லை. ஓவியர் வீடு, இங்கே இப்படித்தான் வேலை இருக்கும் என்று நினைத்து, அடுப்புக் கரியை எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் நல்ல நீளமாக மூன்று கோடு போட்டுவிட்டு வந்தேன். நேராக வரவில்லையே என்று மூன்றாவதை அழித்து வேறு போட்டேன்.

எதிர்வீட்டுக்காரி வந்து நின்ற கோலத்தை என்னவென்று சொல்வது. "யாருடி அவ, புதுசா வந்தவ? நேத்துதான் சுவருக்கு வெள்ளையடிச்சோம், கண்ணு தெரியலையா?"

நான் கரியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அம்மா பின்னறையிலிருந்து ஈரத் துணியோடு வெளியே வந்து சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவிலிருந்த சீட்டைப் பார்த்தார். "நான்தாங்க போடச் சொன்னேன். ஒரு நிழல் எப்படி விழுதுன்னு பாக்கணும்னு இருந்துச்சு. சாயங்காலம் நானே வெள்ளையடிச்சுத் தரேன்" என்றார். அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். கதவைச் சாத்திய பிறகு அம்மா தரையில் உட்கார்ந்து சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கோடு இல்ல, கொடு. மரத்துல எலுமிச்சம்பழம் காய்ச்சுக் கெடக்கே, அவங்களுக்கு மூணு கொடுன்னு எழுதினேன்."

"ரெட்டைக் கொம்பு போட்டிருக்கீங்களேம்மா. ஒத்தைக் கொம்பு போட்டாத்தானே கொடு? எங்க டீச்சர் அதுக்கே என்னை முட்டி போட வச்சிருக்காங்க."

"உங்க டீச்சர் சொன்னது சரிதான். ஆபீஸ்ல ஒரு சுழி கூடினா ஊர்ப் பேரே மாறிடும். அங்க கையைக் கட்டி வச்சிருக்கேன். வீட்டுக்கு வந்தா அது அவுத்துக்கிட்டு ஓடுது. ஒத்தைக் கொம்பு தனியா நிக்கறதைப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு. எல்லாத்துக்கும் ஒரு சுழி சேத்து விட்டுடறேன்."

நானும் கொஞ்சம் தைரியம் வந்து, "கோடு போடறதும் உங்க வேலைதானேம்மா, அதான்…" என்றேன்.

"நாள் பூரா அங்க கோடு போடறேன். வீட்டுலயும் போட்டா என்னைக் கட்டி வைக்கணும். இந்த வீட்டுல கோடு போட்ட மொதல் ஆளு நீதான். வந்த வாரமே எதிர்வீட்டுச் சுவர்ல வேலையை ஆரம்பிச்சுட்ட. நீ மேஸ்திரி."

அன்றிலிருந்து கடைசிவரை நான் அவருக்கு மேஸ்திரிதான். என் பெயர் அவருக்கு மறந்தே போயிருக்கும்.

அம்மாவுக்கு ஒரே ஒரு தங்கை. நான் அவரைச் சின்னம்மா என்பேன். தையல் பள்ளி நடத்துகிறவர், பேச்சும் கத்தரிக்கோல் மாதிரி. அவர்களுடைய அம்மா இறந்தபோது நீல அலமாரி ஒன்று மிஞ்சியது. தாயின் புடவை மடிப்புகள் இருந்த அலமாரி. அக்கா வீட்டில் அது நின்றது, தங்கை கேட்டாள். "இப்ப வேணாம், கொஞ்சம் பொறு" என்று அக்கா சொன்னதில் சண்டை. "பொறுத்துப் பொறுத்து நான் கெழவியாயிடறேன், அப்ப குடு" என்று சொல்லிவிட்டுப் போன சின்னம்மா பதினோரு வருஷம் அந்த வாசற்படி ஏறவில்லை.

அம்மாவின் கடைசிக் காலம் ஆஸ்பத்திரியில் போயிற்று. அவர் போன மறுநாளே நான் வீட்டுக்குப் போனேன். கதவில் புதுப் பூட்டு தொங்கியது. வாடகை வீடு, காலி செய்தாக வேண்டும். சின்னம்மா ஆள் வைத்து அத்தனையையும் கட்டி, காகிதமெல்லாம் ஒன்பது பெட்டிகளில் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார். துணியில் சுற்றியிருந்த படங்களும் கூடவே போயின. "எனக்கு எதுக்கு அவ குப்பை" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஆனால் குப்பைக்காரனைக் கூப்பிடாமல் காப்பகத்தைத்தானே கூப்பிட்டார் என்று நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு காலையில் சின்னம்மா என் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு சிறு புத்தகம். காப்பகம் அச்சிட்டது, அம்மாவின் காகிதங்களைப் பற்றி.

"நீ அவகிட்ட இருந்தவதானே. இதைப் படி" என்று ஒரு பக்கத்தைக் காட்டினார்.

வாய்விட்டுப் படித்தேன். ஓவியரின் கையெழுத்துச் சீட்டுகளில் கோடு என்ற சொல் அறுபத்து மூன்று இடங்களில் வருகிறதாம். வரைபட அலுவலகத்தில் பணிபுரிந்த இவருக்குக் கோடு என்பது ஒரு தத்துவமாகவே இருந்ததாம். கடைசியாக எழுதிய சீட்டை அப்படியே கொடுத்திருந்தார்கள்: "தங்கச்சிக்குக் கோடு. நீல அலமாரி. பெரிய துணியில் சுற்றிக் கோடு." கீழே விளக்கம். பிரிந்துபோன தங்கையை நீல அலமாரிக்குள் அடைத்து, சுற்றிலும் கோடு போட்டுத் தன் வாழ்விலிருந்து விலக்கிவிட்ட மனநிலையாம்.

"செத்த பெறகும் என்னைக் கோடு போட்டுத் தள்ளியிருக்கா" என்றார் சின்னம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. விரல்தான் அந்தப் பக்கத்து ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தது. "அதை அச்சடிச்சு ஊருக்கே குடுத்துட்டாங்க. ஒன்பது பெட்டியையும் இன்னிக்கே திருப்பி எடுத்து எடைக்குப் போடப் போறேன். பெட்டி தூக்க ஆள் வேணும், நீ வா."

பத்தொன்பது வருஷக் கனவுக் குறிப்பு, கடிதம், கதவுச் சீட்டு, எல்லாம் அந்த ஒன்பது பெட்டியில்தான் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அச்சு எழுத்து என்பதால் உடனே பிடிபடவில்லை, ஆனால் ஒன்று மட்டும் மனதில் நெருடியது.

"சின்னம்மா, அம்மா வீட்டுல கோடே போட மாட்டாங்களே."

"அதான் எனக்காகப் போட்டிருக்காளே."

"அந்தச் சீட்டை மட்டும் ஒரு தடவை கண்ணால பாத்துட்டு அப்புறம் தூக்கலாமா?"

அவர் புத்தகத்தை மூடினார். வேண்டாம் என்று சொல்லவில்லை. கடவுளை நினைத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

காப்பகத்தின் வாசிப்பு அறையில் நீளமான மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை விளக்கு, சுவரில் 'அமைதி' என்று பலகை. பொறுப்பில் இருந்த சார் நல்ல மனிதர். பெட்டிகளைத் திருப்பிக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது, ஆனாலும் சின்னம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். ஒன்பதாம் பெட்டியைக் கொண்டுவந்து, மெல்லிய காகித உறைக்குள்ளிருந்து அந்தச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். அதே கையெழுத்து. எனக்குக் கண் கலங்கி எழுத்து ஆடியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன்.

சார் மெதுவாகப் பலகையைக் காட்டினார். "அம்மா, இங்க மனசுக்குள்ள படிக்கணும்."

"எனக்கு அது வராது சார். அம்மாவும் வாய்விட்டுத்தான் படிப்பாங்க."

சின்னம்மா திரும்பினார். "யாரு, எங்கக்காவா? அவ உதடு அசைஞ்சு நான் பாத்ததே கெடையாது. ஒரே வெளக்குல படிப்போம், நான் கத்துவேன், அவ என் காதைத் திருகுவா. கண்ணாலயே முழுங்கிடுவா பக்கத்தை."

எனக்குக் கட்டில் விற்பனை விளம்பரம் ஞாபகத்துக்கு வந்தது. பத்தொன்பது வருஷம், ஒரு நாள்கூடத் தவறாமல்.

சார் என்ன நினைத்தாரோ, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வேற யாரும் இல்ல. படிங்க" என்றார்.

"தங்கச்சிக்கு கோடு. நீல அலமாரி. பே… பேரி… பேரிய துணியில்…" நாக்கு இடறியது. "சார், இங்க பேரியன்னு இருக்கு."

"ஆமாம்மா. எழுத்துப் பிழை. அச்சுல பெரியன்னு திருத்திட்டேன். அவங்க நிறைய இடத்துல அப்படித்தான். வேள்ளைன்னு எழுதுவாங்க, பேட்டின்னு எழுதுவாங்க. எல்லாம் திருத்தினோம்."

"கோடு மட்டும் ஏன் சார் திருத்தல?"

"அது சரியாத்தானே…" என்று தொடங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டு சீட்டின் மேல் குனிந்தார். "தப்பாத் தெரிஞ்ச வார்த்தைகளை எல்லாம் திருத்தினேன்" என்றார் தனக்குத்தானே. "இது தப்பாத் தெரியல."

நான் எதிர்வீட்டுச் சுவர்க் கதையைச் சொன்னேன். மூன்று எலுமிச்சம்பழத்தையும் சொன்னேன். பிறகு சின்னம்மாவின் பக்கம் திரும்பி, விரலை வைத்து, ஒற்றைக் கொம்பாகப் படித்தேன்.

"தங்கச்சிக்குக் கொடு. நீல அலமாரி. பெரிய துணியில் சுற்றிக் கொடு."

சின்னம்மா சீட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "குடுக்கலையே" என்றார். "எங்க குடுத்தா? வீட்டைக் காலி பண்ணும்போது அலமாரியே இல்லையே. யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டான்னு இருந்தேன்."

சொல்லாதே என்று அம்மா என்னிடம் கேட்டுக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் பாவமா, சொல்லாவிட்டால் பாவமா என்று ஒரு நிமிஷம் தவித்தேன். சின்னம்மாவிடம் சொல்லிவிட்டேன்: நீங்கள் கேட்டபோதே அந்த அலமாரியில் கரையான் ஏறியிருந்தது. சரிபண்ணிக் கொடுக்கலாம் என்றுதான் அம்மா பொறு என்றார். தச்சரைக் கூப்பிட்டோம். "தொட்டா உதிர்ந்துடும்மா, இதுல மரமே இல்ல, வெறும் பெயிண்டுதான் நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் கோபமாகப் போன பிறகு கரையான் தின்றது என்று சொன்னால் சாக்கு என்பீர்கள் என்று அம்மா பயந்தார். ஒரு நாள் கதவு கையோடு வந்துவிட்டது. நானும் அவரும்தான் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டோம். அதற்கு மறுநாள் பின்னறையில் பெரிய பலகையில் நீலத்தைக் கொட்டினார்.

சார் உள்ளே போய், பெரிய துணியில் சுற்றிய ஒரு படத்தைக் கொண்டுவந்து மேசையில் சாய்த்தார். துணியைப் பிரித்தோம். நீல அலமாரி. இரண்டு கதவும் திறந்திருந்தன. உள்ளே கடல். கடலின் மேல் அவர்களுடைய தாயின் புடவைகள் மடித்த மடிப்போடு அலைகளாக வரிசையாக வந்துகொண்டிருந்தன. கடைசி அலையின் மேல் இரண்டு சிறுமிகள் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கேயும் ஒரு கோடு கிடையாது.

"அந்தப் பச்சைக் கரை போட்ட பொடவை" என்றார் சின்னம்மா. "அதுலதான் எங்களை ரெண்டு பேரையும் சேத்துத் தூளி கட்டுவாங்க." படத்திலிருந்த அந்தக் கரையை விரலால் தொட்டார். நானும் சாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

அவர் கொஞ்சம் தேறியதும் சார் மற்றச் சீட்டுகளையும், கதவில் ஒட்டாமல் அம்மா தன் ஞாபகத்துக்கு எழுதி வைத்துக்கொண்டவற்றை, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான் படிக்கப் படிக்க அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தபால்காரருக்கு நிழல் கோடு என்று ஒன்று. அதை நிழற்கோடு என்று தனித் தலைப்பாகவே எழுதியிருந்தாராம். ஒரு கோடையில் தபால்காரர் உட்காரட்டும் என்று அம்மா வெளிவாசலில் துணிப்பந்தல் கட்டி ஒரு நாற்காலி போட்டது எனக்கு ஞாபகம் இருந்தது. மேஸ்திரி காலுக்கு தைலம் கோடு என்று இன்னொன்று.

"மேஸ்திரின்னா?" என்றார் சார்.

"நான்தான் சார்."

"ஒரு கட்டடக் கலைஞரோட தாக்கம் அவங்க ஓவியத்துல இருக்குன்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன்மா" என்றார் பாவமாக. சின்னம்மாவே சிரித்துவிட்டார்.

அடுத்த சீட்டில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேஸ்திரி மகளுக்கு கண்ணாடி கோடு. என் மகளுக்குக் கரும்பலகை எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் இருந்த வருஷம், பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள் என்று ஒரு மூக்குக் கண்ணாடியோடு வந்தாள். பள்ளிக்கூடத்துக்காக நான் எத்தனை நாள் பிரார்த்தனை செய்திருக்கிறேன். போகட்டும், சேரவேண்டிய இடத்துக்குக் கடவுள் சேர்த்திருப்பார்.

பெட்டிகள் ஒன்பதும் காப்பகத்திலேயே இருக்கின்றன. சின்னம்மா படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். வண்டியில் ஏற்றியபோது, "துணியோடதான் குடுக்கச் சொல்லியிருக்கா" என்று தானே மறுபடி சுற்றிக் கட்டினார். சார் அந்தப் பக்கங்களைத் திருத்தி மறுபடி அச்சிடுகிறார். என் பங்குக்கு இதை எழுதித் தரச் சொன்னதும் அவர்தான்.

கிளம்பும்போது சார் அந்தக் கடைசிச் சீட்டை உறையில் வைக்கத் திருப்பினார். பின்பக்கம் பசை காய்ந்து, அதில் பச்சைப் பெயிண்டுச் செதில்கள் ஒட்டியிருந்தன. அது சமையலறைக் கதவின் பச்சை. எனக்குத் தெரியாதா, வாரா வாரம் துடைத்த கதவு. பெட்டி கட்ட வந்த ஆட்கள் பிய்த்து எடுத்திருக்கிறார்கள். அது தத்துவமும் இல்லை, தனக்காக எழுதி வைத்த குறிப்பும் இல்லை. எனக்கு வைத்துவிட்டுப் போன வேலை.

ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போன வண்டி வாசலில் நின்றபோது, ஏதோ மறந்துவிட்டது என்று அவர் மட்டும் உள்ளே போய்த் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு பத்து நாளும் நான் ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன், வீட்டுப் பக்கம் போகவே இல்லை. கடைசி நாள் மதியம் மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் எழுந்தபோது, கண்ணைத் திறக்காமலே என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கதவுல ஒரு சீட்டு ஒட்டியிருக்கேன், மேஸ்திரி. போனதும் படி. வாய்விட்டு, நிதானமாப் படி. அவசரமில்ல."